ஒரு டாலர் வாத்து

நீல மையில் அச்சடித்த ஸ்டாம்ப். சதுப்புநிலத் தண்ணீரில் இறங்குவதற்காக வேகத்தைக் குறைக்கும் இரண்டு வாத்துகள். ஒன்று ஆண், இன்னொன்று பெண். விலை ஒரு டாலர். படத்தோடு இருக்கும் எழுத்துகளைப் படித்தால்தான் இது கடிதத்தில் ஒட்டுகிற சரக்கு இல்லை என்பது தெரியவரும். அமெரிக்க வேளாண்மைத் துறை, வலசைப் பறவை வேட்டை ஸ்டாம்ப், 1935 ஜூன் 30-க்குப் பிறகு செல்லாது.

தபால் ஆபீசில்தான் விற்றார்கள். ஆனாலும் இதை ஒட்டி ஒரு கார்டுகூட அனுப்ப முடியாது. வாடகை ரசீதில் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் குறுக்கே கையெழுத்துப் போடுகிறோமே, அந்த ஜாதி. வாத்து சுடப் போகிறவர் இதை வாங்கி, ஸ்டாம்பின் முகத்தின் மேலேயே மையால் கையெழுத்திட்டு, துப்பாக்கியோடு இதையும் எடுத்துப் போக வேண்டும். 1934-இல் வந்த இந்த ஏற்பாடு இன்றும் நடக்கிறது. அமெரிக்காவில் எல்லோரும் இதை வாத்து ஸ்டாம்ப் என்றே சொல்கிறார்கள்.

வேட்டை லைசென்ஸ், மீன்பிடி லைசென்ஸ் என்று எதை எடுத்தாலும் பெரும்பாலும் அடியில் பொடி எழுத்தில் இரண்டு நிபந்தனைகள் இருக்கும். இன்ன தேதியோடு காலாவதி. பிறருக்கு மாற்றிக் கொடுக்கக் கூடாது. வாங்குகிறவருக்கு இரண்டுமே எரிச்சல். போன வருடம் காசு கொடுத்தேனே, மறுபடியும் ஏன் என்று ஒரு கேள்வி. நான் போகவில்லை, என் தம்பி போகிறானே, அவன் கையில் கொடுத்தால் என்ன என்று இன்னொரு கேள்வி. இந்த இரண்டு நிபந்தனைகளும் எதற்காக என்று காட்ட வாத்து ஸ்டாம்பைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை. அது பிறந்த விதமே அப்படி.

கதை வாத்திலிருந்து தொடங்கவில்லை, புறாவிலிருந்து தொடங்குகிறது. வட அமெரிக்காவில் வானத்தை மறைத்துக்கொண்டு பறந்த பயணப் புறா என்றொரு இனம் இருந்தது. அதன் கடைசிப் பறவை, மார்த்தா என்று பெயரிட்டு வளர்த்த பெட்டை, 1914 செப்டம்பர் 1 அன்று சின்சினாட்டி மிருகக்காட்சி சாலையில் செத்தது. அந்த இனத்தையே சந்தைக்காகச் சுட்டுத் தீர்த்துவிட்டார்கள். வாத்துக்கும் அதே கதிதான் வரவிருந்தது. படகில் பீரங்கி போலப் பெரிய துப்பாக்கியைப் பொருத்தி, தண்ணீரில் அடைந்திருக்கும் கூட்டத்தை ஒரே வெடியில் சாய்த்து, பீப்பாய்களில் அடைத்து நகரத்து ஓட்டல்களுக்கு அனுப்பினார்கள்.

அன்று அங்கே காட்டு விலங்கு மாநிலத்தின் சொத்து. 1896-இல் உச்ச நீதிமன்றமே அப்படித் தீர்ப்பளித்திருந்தது. எனவே லைசென்ஸ் கொடுப்பது, சீசன் குறிப்பது எல்லாம் மாநில அரசுகளின் வேலை. மானுக்கு அது பொருந்தும், வாத்துக்குப் பொருந்தாது. கனடாவில் குஞ்சு பொரித்து, டகோடா வழியாக இறங்கி, லூசியானாவில் குளிர்காலத்தைக் கழிக்கிற பறவை எந்த மாநிலத்தின் சொத்து? ஒவ்வொரு மாநிலமும் தன் தலைக்கு மேல் பறக்கும்போது அது தன்னுடையது என்றது. வசந்தகாலத்தில் முட்டையிடப் போகும் வழியிலும் சுட்டார்கள்.

1916-இல் அமெரிக்கா, கனடாவின் சார்பில் வந்த பிரிட்டனோடு வலசைப் பறவை ஒப்பந்தம் செய்துகொண்டது. 1918-இல் அதை நடைமுறைப்படுத்தச் சட்டம் வந்தது. மிசௌரி மாநிலம் உடனே வழக்குப் போட்டது. அங்கே ரே ஹாலண்ட் என்ற மத்திய அரசின் வேட்டைக் காவலர், சீசன் இல்லாத காலத்தில் வாத்து சுட்டதற்காக ஆட்களைப் பிடித்திருந்தார். பிடிபட்டவர்களில் மாநிலத்தின் அட்டர்னி ஜெனரலும் ஒருவர்! 1920-இல் உச்ச நீதிமன்றம் மிசௌரிக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. நீதிபதி ஹோம்ஸ் எழுதிய அந்தத் தீர்ப்பின் சாரம், மாநிலத்தின் எல்லைக்குள் சில நாள் தங்கிப் போகிற பறவை மேல் மாநிலம் உரிமை கொண்டாட முடியாது என்பது.

துப்பாக்கியைக் கட்டுப்படுத்தச் சட்டம் கிடைத்துவிட்டது. ஆனால் வாத்துக்கு வேண்டியது தண்ணீர். சதுப்பு நிலங்களை வடித்துக் கோதுமை போட்டுக்கொண்டிருந்தார்கள். சுடாமல் விட்டாலும் முட்டையிட இடமில்லை. நிலம் வாங்க வேண்டும், அதற்குப் பணம் வேண்டும்.

பணத்துக்கு வழி தேடியே பத்து வருடம் ஓடிப்போனது. 1920-களில் மத்திய அரசே வேட்டைக்காரரிடம் ஒரு டாலர் லைசென்ஸ் கட்டணம் வாங்கலாம் என்று மசோதா வந்தது. திரும்பத் திரும்பத் தோற்றது. மாநிலங்களின் அதிகாரத்தில் மூக்கை நுழைப்பதா என்று ஒரு தரப்பு. வாங்கும் நிலத்தில் பொதுமக்கள் சுடலாமா கூடாதா என்று இன்னொரு தரப்பு. தோட்டாவுக்கு ஒரு சென்ட் வரி போடலாம் என்று வேறொரு யோசனையும் இருந்தது. 1929-இல் செனட்டர் பீட்டர் நார்பெக் முயற்சியால் சரணாலய நிலம் வாங்குவதற்கான சட்டம் வந்தேவிட்டது. அதில் எல்லாம் இருந்தது, நிலையான பணத்தைத் தவிர. ஆண்டுதோறும் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் மனமிரங்கி ஒதுக்கினால்தான் உண்டு. அதே ஆண்டு அக்டோபரில் பங்குச் சந்தை சரிந்தது. வேலையில்லாதவர்கள் சூப்புக்கு வரிசையில் நிற்கும்போது வாத்துக்கு யார் பணம் ஒதுக்குவார்கள்? போதாக்குறைக்கு 1930-களின் வறட்சி. சமவெளியின் குட்டைகள் வறண்டு, மண் புழுதியாகப் பறந்தது.

இந்த இடத்தில் ஒரு கார்ட்டூனிஸ்ட் உள்ளே வருகிறார்.

ஜே நார்வுட் டார்லிங் அயோவா மாநிலத்தில் டெ மாயின் ரெஜிஸ்டர் பத்திரிகையில் படம் வரைந்தவர். படங்களில் 'டிங்' என்று கையெழுத்துப் போடுவார். 1924-இல் புலிட்சர் பரிசு வாங்கியவர், 1943-இல் இரண்டாவது முறையும் வாங்கினார். குடியரசுக் கட்சிக்காரர், முன்னாள் ஜனாதிபதி ஹூவரின் நண்பர், ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் புதிய திட்டங்களைத் தன் படங்களில் கிண்டலடித்தவர். அப்படிப்பட்டவரை ரூஸ்வெல்ட் 1934 ஜனவரியில் மூவர் குழுவில் போட்டார். மற்ற இருவர், காலியர்ஸ் பத்திரிகையின் தாமஸ் பெக்கும் வனவியல் அறிஞர் ஆல்டோ லியோபோல்டும். குழு அறிக்கை கொடுத்ததும், கோடிக்கணக்கில் செலவழித்து நிலம் வாங்கச் சொன்ன டார்லிங்கையே அழைத்து, அந்த வேலையைப் பார்க்கும் உயிரியல் ஆய்வுத் துறைக்குத் தலைவராக்கிவிட்டார் ரூஸ்வெல்ட். விமரிசகனை உள்ளே இழுத்துப் போட்டுக்கொள்ளும் பழைய தந்திரம்தான். இந்த முறை அதனால் நாட்டுக்கு லாபம்.

டார்லிங் பின்னாளில் சொன்ன ஒரு கதை உண்டு. பணம் கேட்டுப் போனபோது ரூஸ்வெல்ட் ஒரு துண்டுச் சீட்டில் பத்து லட்சம் டாலர் கடன்பட்டிருக்கிறேன் என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தாராம். அதை எடுத்துக்கொண்டு அமைச்சர் இக்கீஸிடம் போனால் அவர் சிரித்தாராம். ஜனாதிபதி கையெழுத்திட்ட காகிதத்துக்கு ஒரு சென்ட் பெயரவில்லை.

1934 மார்ச் 16 அன்று கையெழுத்தான வாத்து ஸ்டாம்ப் சட்டம் டார்லிங்கின் கண்டுபிடிப்பு அல்ல. பத்து வருடமாக அலைந்த யோசனைதான். ஆனால் அதில் நுட்பம் இருந்தது. மத்திய அரசு தனியாக லைசென்ஸ் கொடுக்கவில்லை. மாநில லைசென்ஸ் மாநில லைசென்ஸாகவே இருந்தது. அதன்மேல் ஒரு ஸ்டாம்ப் ஒட்டச் சொன்னது, அவ்வளவே. அதிகாரச் சண்டை அடங்கியது. விற்பதற்குப் புதிதாக ஆபீஸ் திறக்க வேண்டியதில்லை, ஊருக்கு ஊர் தபால் ஆபீஸ் இருந்தது. பதினாறு வயது நிறைந்த ஒவ்வொரு வாத்து வேட்டைக்காரரும் வாங்க வேண்டும். வசூலாகும் பணம் பொதுக் கஜானாவில் கரையாமல் தனி நிதியில் சேர வேண்டும்.

படத்துக்கு ஆள் தேட நேரமில்லை. தலைவர்தான் ஓவியராயிற்றே. சலவைக்குப் போய் வந்த சட்டைக்குள் மடிப்புக் கலையாமல் வைத்திருக்கும் அட்டை இருக்குமே, அதில் ஆறு மாதிரிகளைக் கிறுக்கிக் கொடுத்தார் என்று சொல்வார்கள். இன்னும் நன்றாக வரையலாம் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கும்போதே, அதில் ஒன்றை எடுத்துப்போய் அச்சுத் தகட்டில் செதுக்கிவிட்டார்களாம். இறங்கும் இரண்டு மல்லார்ட் வாத்துகள் அப்படி வந்தவைதான். 1934 ஆகஸ்ட் 22 அன்று விற்பனை தொடங்கியது. முதல் ஸ்டாம்பை டார்லிங்கே ஒரு டாலர் கொடுத்து வாங்கினார். முதல் ஆண்டில் 6,35,001 ஸ்டாம்புகள் விற்றன.

இனி அந்தப் பொடி எழுத்துக்கு வருவோம்.

ஏன் ஜூன் 30? டிசம்பர் 31 என்று வைத்திருந்தால் எளிதாக நினைவில் நிற்குமே. வாத்து வேட்டை இலையுதிர் காலத்தில் தொடங்கிக் குளிர்காலத்துக்குள் ஓடுகிறது. டிசம்பரில் காலாவதி என்றால் சீசனின் நடுவிலே கத்தி விழும். நவம்பரில் வாங்கியவர் ஜனவரியில் மறுபடி வாங்க வேண்டும். ஜூலையில் தொடங்கி ஜூனில் முடிந்தால் ஒரு சீசன் முழுதாக ஒரு ஸ்டாம்புக்குள் அடங்கும். அன்றைய அமெரிக்க அரசின் நிதியாண்டும் அதே ஜூலை 1 முதல் ஜூன் 30 வரைதான். கணக்குப்பிள்ளைக்கும் வசதி. 1976-இல் அரசு தன் நிதியாண்டை அக்டோபருக்கு மாற்றிக்கொண்டது, ஸ்டாம்ப் மாறவில்லை. வாத்துக்கு நிதியாண்டு கிடையாதே.

காலாவதி இல்லாமல் ஆயுள் முழுவதற்கும் ஒரே ஸ்டாம்ப் என்று வைத்திருந்தால் என்னவாகியிருக்கும்? 1934-இல் ஆறு லட்சத்துச் சொச்சம் டாலர் வந்திருக்கும். அதற்குப் பிறகு ஆண்டுதோறும் புதிதாகப் பதினாறு வயதானவர்களின் காசு மட்டும். வறட்சி ஓர் ஆண்டில் முடிகிற சங்கதியா? நிலம் ஒரே நாளில் வாங்கி முடிகிற சங்கதியா? சுடுவது ஆண்டுதோறும் நடக்கிறது என்றால் கொடுப்பதும் ஆண்டுதோறும் நடக்கட்டும் என்பதுதான் அந்தத் தேதியின் அர்த்தம். 1929 சட்டத்தில் காங்கிரஸின் மனது வருடா வருடம் இரங்க வேண்டியிருந்தது. இங்கே அந்தப் பிச்சை வேலை ஒழிந்தது.

அடுத்தது கைமாற்றம். சட்டத்தில் இதற்கென்று ஒரு பிரிவே இருக்கிறது. ஸ்டாம்பை வாங்கிக் கையெழுத்திட்டவர், அது செல்லுபடியாகும் காலத்தில் வேறு யாருக்கும் இரவல் தரவோ மாற்றிக் கொடுக்கவோ கூடாது. கையெழுத்திட்டவரைத் தவிர வேறொருவர் அதைப் பயன்படுத்தவும் கூடாது. கையெழுத்தைத் தானே போட வேண்டும். மையால் போட வேண்டும். ஸ்டாம்பின் முகத்துக்குக் குறுக்கே போட வேண்டும். முதல் பறவையைச் சுடுவதற்கு முன்பே போட்டிருக்க வேண்டும். பென்சில் ஆகாது, அழித்துவிடலாம். ஓரத்தில் போட்டால் ஆகாது, கத்தரித்துவிடலாம்.

இத்தனை கெடுபிடி எதற்கு என்று புரிந்துகொள்ள, விடியற்காலையில் சதுப்பு ஓரம் நிற்கும் காவலரின் இடத்தில் நின்று பார்க்க வேண்டும். நாணலுக்குள் அண்ணன் தம்பி மூவர். மூவரிடமும் துப்பாக்கி. ஸ்டாம்ப் ஒன்றே ஒன்று. யார் கேட்டாலும் அது அவருடையது என்று கை மாறிக்கொண்டே இருக்கும். காவலரால் என்ன நிரூபிக்க முடியும்? ஸ்டாம்பில் ஒரு பெயர் மையில் இருந்தால் வேலை முடிந்தது. அந்தப் பெயரும் லைசென்ஸில் உள்ள பெயரும் ஒன்றா என்று பார்த்தால் போதும். இரவல் அனுமதித்தால் மூன்று டாலர் ஒரு டாலராகும். ஒரு நாளில் ஒருவர் இத்தனை பறவைதான் சுடலாம் என்ற வரம்பும் தடுமாறும். வரம்பு ஆளுக்கு, ஆள் யாரென்றே தெரியாதபோது வரம்பைக் கட்டிக்கொண்டு என்ன செய்வது?

தோட்டா வரி யோசனை தோற்றது நல்லதுக்குத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அதில் காசு வந்திருக்கும். ஆனால் யார் சுடப் போனார், எத்தனை பேர் போனார் என்று தெரிந்திருக்காது. முயலைச் சுட்ட தோட்டாவும் வாத்தைச் சுட்ட தோட்டாவும் ஒன்றுதானே.

சட்டம் எழுதியவர்கள் ஒரு கூட்டத்தை மட்டும் மறந்துவிட்டார்கள்: ஸ்டாம்ப் சேகரிப்பவர்கள். முதல் ஆண்டில் தபால் ஆபீஸ் கவுன்டரில் ஸ்டாம்பைக் கையில் தரமாட்டார்கள்; வேட்டைக்காரரின் லைசென்ஸிலோ அதற்கான படிவத்திலோ ஒட்டியே தருவார்கள். இரவலைத் தடுக்கும் இன்னொரு பூட்டு அது. ஆனால் சேகரிப்பவருக்கு வேண்டியது ஒட்டாத, எழுதாத, பசை கெடாத ஸ்டாம்ப். வேட்டைக்காரருக்கு எந்தக் கையெழுத்து ஸ்டாம்புக்கு உயிர் கொடுக்கிறதோ, அதே கையெழுத்து இவருக்கு அதன் விலையைக் கெடுக்கிறது. கூச்சல் போட்டார்கள். 1935 ஜூன் 15 அன்று சட்டத்தைத் திருத்தி அவர்களுக்கும் விற்கலாம் என்றார்கள். முதல் ஸ்டாம்புக்கோ ஜூன் 30-உடன் ஆயுள் முடிகிறது. பதினைந்தே நாள் அவகாசம்! அதற்குள் வாங்கியவர் வாங்கினார், மிச்சத்தை அழித்துவிட்டார்கள். கையெழுத்தில்லாத 1934 ஸ்டாம்புக்குச் சேகரிப்பாளர்களிடம் இன்றும் இருக்கும் மவுசுக்கு அந்தப் பதினைந்து நாள்தான் காரணம்.

இன்னொரு வேடிக்கை. சட்டம் தடுக்கும் கைமாற்றம், செல்லுபடியாகும் காலத்துக்கு மட்டும்தான். ஜூன் 30 தாண்டிவிட்டால் அது வெறும் படம்; விற்கலாம், தானமாகத் தரலாம், ஃபிரேம் போட்டு மாட்டலாம். காலாவதியானால்தான் கைமாற்றலாம் என்ற ஏற்பாடு லைசென்ஸ் உலகில் அபூர்வம்.

அதே ஜூன் 15 சட்டத்தின் வாலில்தான் டார்லிங்கின் பெரிய வேட்டையும் இருந்தது. கதை அவர் சொன்னதுதான். செனட்டர் நார்பெக் ஸ்காண்டிநேவிய வம்சாவளி. பேச்சிலே அந்த ஊர் வாசனை தூக்கலாக இருக்கும். ஒரு நாள் பல் செட்டைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்து, செலவாகாமல் கிடக்கும் நிவாரண நிதியிலிருந்து அறுபது லட்சம் டாலரைப் பறவை நிலத்துக்கு ஒதுக்கலாமே என்று ஒரு திருத்தம் கொண்டுவந்தாராம். ஒருவருக்கும் ஒரு வார்த்தையும் விளங்கவில்லை. ஆட்சேபணை இல்லாமல் நிறைவேறியது. ஜனாதிபதியும் கையெழுத்திட்டார். கஜானா கொள்ளைபோனது யாருக்குமே தெரியவில்லை என்று ரூஸ்வெல்ட் பிறகு கிண்டலடித்தாராம். துண்டுச் சீட்டில் வராத பணம் இப்படி வந்தது. டார்லிங் அந்த நவம்பரிலேயே பதவியை விட்டுவிட்டுக் கார்ட்டூனுக்குத் திரும்பிவிட்டார். இரண்டு வருடம்கூட முழுதாக உத்தியோகம் பார்க்காத மனிதர்.

ஆண்டுதோறும் பழைய ஸ்டாம்ப் செத்தால் ஆண்டுதோறும் புதுப் படம் வேண்டும். காலாவதித் தேதி ஒரு ஓவிய மரபையே பெற்றெடுத்தது. முதலில் அழைத்த ஓவியர்கள் வரைந்தார்கள். 1949-இல் யார் வேண்டுமானாலும் கலந்துகொள்ளும் போட்டியாக்கினார்கள். பரிசுப் பணம் கிடையாது. வென்றவருக்குத் தன் படம் அச்சான ஸ்டாம்ப் தாள் ஒன்று. ஆனால் வென்ற படத்தின் பிரதிகளை விற்றே ஓவியர்கள் வாழ்க்கை நடத்தியிருக்கிறார்கள். அயோவாக்காரர் மேனார்ட் ரீஸ் ஐந்து முறை வென்றார். 1959 ஸ்டாம்பில் வாத்தை வாயில் கவ்விய கறுப்பு லாப்ரடார் நாயை வரைந்தவர் அவர்தான்.

மையில் கையெழுத்துப் போடும் நிபந்தனையை வேட்டைக்காரர்கள் மறந்துகொண்டே இருந்தார்கள் போலிருக்கிறது. 1946 முதல் ஸ்டாம்பின் முதுகிலேயே அந்த எச்சரிக்கையை அச்சடிக்கத் தொடங்கினார்கள்.

இவ்வளவு சொல்லிவிட்டு குறையைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. முதல் கால் நூற்றாண்டில் வாத்து ஸ்டாம்ப் பணத்தில் கணிசமான பங்கு நிர்வாகச் செலவுக்கும் காவலுக்கும் பராமரிப்புக்கும் போனது. நிலம் வாங்க என்று சொல்லி வாங்கிய காசு சம்பளமாகக் கரைந்தது. 1958 திருத்தம்தான் அந்த ஓட்டையை அடைத்து, ஸ்டாம்ப் காசு நிலத்துக்கே என்று கட்டாயமாக்கியது. விலை உயர்த்துவதிலும் காங்கிரஸுக்குக் கை வரவில்லை. ஒரு டாலர் இரண்டானது 1949-இல். 1991-இல் பதினைந்து டாலரைத் தொட்டது, அப்புறம் இருபத்து நான்கு வருடம் அங்கேயே நின்றது. நிலத்தின் விலையா நிற்கும்? 2015-இல்தான் இருபத்தைந்து டாலராயிற்று. 1970-களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு 24 லட்சம் விற்ற ஸ்டாம்ப் இப்போது 15 லட்சம் அளவில் நிற்கிறது. சுடுகிறவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். வேட்டைக்காரர் பணத்தை நம்பி நிற்கும் இந்த ஏற்பாட்டின் பெரிய பலவீனம் அது.

இத்தனை ஓட்டையோடும் தொண்ணூறு ஆண்டுகளில் 110 கோடி டாலருக்கு மேல் சேர்ந்து, 60 லட்சம் ஏக்கருக்கு மேல் சதுப்பும் புல்வெளியும் காப்பாற்றப்பட்டிருக்கின்றன. நியூ மெக்ஸிகோவில் கொக்குக் கூட்டங்களுக்குப் பேர்போன பொஸ்கே தெல் அபாச்சே சரணாலயம் ஏறக்குறைய முழுவதும் இந்தக் காசில் வாங்கிய நிலம்.

அந்தப் பணத்தில் எதை வாங்குகிறார்கள் என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். எல்லாம் விலைக்கு வாங்கும் நிலமல்ல. டகோடா விவசாயியிடம் போய், உன் நிலம் உன்னிடமே இருக்கட்டும், மேய்ச்சல் விட்டுக்கொள். நடுவிலிருக்கும் குட்டையை மட்டும் வடிக்காதே, எரிக்காதே, தூர்க்காதே என்று எழுதி வாங்கிக்கொண்டு பணம் கொடுக்கிறார்கள். 2015-இல் ஏறிய பத்து டாலர் இப்படிப்பட்ட ஒப்பந்தங்களுக்கே என்று ஒதுக்கப்பட்டது. ஒப்பந்தத்துக்கு முடிவுத் தேதி கிடையாது. விவசாயி நிலத்தை விற்றால் வாங்குகிறவரையும் அது கட்டுப்படுத்தும். மகனுக்குப் போனால் மகனையும். ஓராண்டில் சாகிற, கைமாற்ற முடியாத ஒரு காகிதம், சாகாத, நிலத்தோடு சேர்ந்தே கைமாறுகிற ஒரு உரிமையை வாங்குகிறது. இந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்த இடம் இதுதான்.

கைமாற்றத்தை அனுமதித்தால் என்ன ஆகும் என்பதற்கு அதே நாட்டில், அலாஸ்காவில், பதில் இருக்கிறது. அங்கே சால்மன் மீன் குறைந்துபோய் படகுகள் பெருகியபோது, 1972-இல் மாநில அரசியல் சாசனத்தையே திருத்தி, 1973-இல் பெர்மிட் எண்ணிக்கைக்கு வரம்பு கட்டும் சட்டம் போட்டார்கள். அதற்கு முன்பே அங்கே மீன் பிடித்துவந்தவர்களுக்குப் பெர்மிட் இலவசமாகக் கிடைத்தது. ஆண்டுதோறும் கட்டணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். வாடகைக்கு விடக் கூடாது. ஆனால் நிரந்தரமாக விற்கலாம், பிள்ளைக்கு எழுதி வைக்கலாம். நோய் நொடி வந்தால் தற்காலிகமாக இன்னொருவருக்கு மாற்றித் தரவும் வழி உண்டு. கேட்பதற்கு மனிதாபிமானமாகவே இருக்கிறது. நடந்தது வேறு. எண்ணிக்கை வரம்புக்குட்பட்டது, கைமாற்றலாம் என்ற இரண்டும் சேர்ந்ததும் பெர்மிட்டுக்குச் சந்தை விலை வந்துவிட்டது. சட்டம் அதைச் சொத்து என்று சொல்லவில்லை. சலுகை என்றுதான் சொல்கிறது. சந்தை அதைச் சொத்தாக்கிவிட்டது. கஷ்டகாலத்தில் கிராமத்து மீனவர் விற்றார், வெளியூர்க்காரர் வாங்கினார். பிரிஸ்டல் விரிகுடா ஓரத்துப் பூர்வகுடிக் கிராமங்களில் பெர்மிட் வைத்திருப்பவர்கள் பாதிக்கும் மேல் குறைந்துவிட்டார்கள். வீட்டு வாசலில் மீன் ஓடுகிறது; பிடிக்கும் உரிமை வேறு ஊரில் இருக்கிறது.

மீன் பிடிப்பது பிழைப்பு, வாத்து சுடுவது பொழுதுபோக்கு, இரண்டையும் ஒன்றாக எடை போடலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பிழைப்புக்கான உரிமத்தைக் கைமாற்றவே கூடாது என்றால் நோயாளி மீனவரின் குடும்பம் என்ன செய்யும்? அதனால் அலாஸ்காக்காரர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் ஒரு லைசென்ஸ் கைமாறத் தொடங்கினால் அது வசதியில்லாதவர் கையிலிருந்து வசதியுள்ளவர் கைக்குத்தான் போகும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

நம் பக்கத்திலும் வேட்டை லைசென்ஸுக்குப் பழைய சரித்திரம் உண்டு. 1877-இல் நீலகிரியில் வேட்டைப் பிரியர்களான வெள்ளைக்காரர்கள் ஒரு சங்கம் கண்டார்கள். 1879-இல் மதராஸ் அரசு நீலகிரிக்கென்றே வேட்டை விலங்குகளையும் மீனையும் காக்கச் சட்டம் போட்டது. மீதியை நாடறியும். 1972-இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 1991 திருத்தமும் வேட்டை லைசென்ஸ் என்ற சங்கதியையே மூட்டை கட்டிவிட்டன. இங்கே வேட்டையை நிறுத்திக் காத்தார்கள். அங்கே வேட்டைக்காரரிடம் காசு வாங்கிக் காத்தார்கள். எது சரி என்ற வாதத்துக்கு இந்தக் கட்டுரையில் இடமில்லை.

வாத்து ஸ்டாம்புக்கும் இப்போது செல்போன் காலம் வந்துவிட்டது. முதலில் ஆன்லைனில் வாங்கினால், தபாலில் ஸ்டாம்ப் வந்து சேரும் வரை 45 நாளைக்கு மின் ஸ்டாம்ப் செல்லும் என்று வைத்தார்கள். 2023 டிசம்பரில் வந்த சட்டம், மின் ஸ்டாம்பே சீசன் முழுக்கச் செல்லும் என்று ஆக்கிவிட்டது. காகித ஸ்டாம்ப் சீசன் முடிந்தபின், மார்ச் மாதம் 10-ஆம் தேதிக்குப் பிறகு வீட்டுக்கு வரும். ஈரச் சட்டைப் பையில் நனைந்து கிழிய வேண்டியதில்லை. மற்றபடி பொடி எழுத்து அப்படியே இருக்கிறது: ஜூன் 30-உடன் காலாவதி, இரவல் கிடையாது.

இதை வாங்க வேட்டைக்காரராக இருக்க வேண்டியதில்லை. பறவை பார்ப்பவர்களும் சேகரிப்பவர்களும் வாங்குகிறார்கள். நுழைவுக் கட்டணம் வாங்கும் தேசிய வனவிலங்குச் சரணாலயங்களுக்கு அந்த ஆண்டு முழுதும் இதுவே அனுமதிச் சீட்டு. அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளிடம் போய் ஆறு மாதம் தங்கி, அக்கம்பக்கத்து ஏரியில் பறவை பார்க்கிற வழக்கமுள்ளவர்கள் தபால் ஆபீசில் கேட்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். இருபத்தைந்து டாலர்தான். ஆனால் மே மாதம் போய் இறங்கினால் அவசரப்பட வேண்டாம், ஜூலை பிறக்கட்டும். ஜூனில் வாங்கினாலும் விலை அதேதான், ஆயுள்தான் சில நாள்.